மாரிமுத்து மல்லிக்கு, அன்புடன்

சென்ற வாரம் இத்தொடரில் ஒரு பிழை நேர்ந்துவிட்டது. எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியில் நாடகத்துக் கதாநாயகி பச்சைச் சேலை உடுத்தி வந்தாள் என்று எழுதியிருந்தேன். இதழ் கைக்குக் கிடைத்த அன்று காலையிலேயே அக்கா தொலைபேசியில் அழைத்தாள்.

“பச்சையாடி? நம்ம டிவி கறுப்பு வெள்ளடி. பச்சைய நீ எங்க பார்த்த?”

பார்த்ததாக நான் நினைத்தது உண்மை. பார்த்தது உண்மையன்று. சாம்பல் நிறச் சேலைக்கு என் மனம் எந்தக் காலத்திலோ சாயம் தோய்த்துவிட்டிருக்கிறது.

ஆகவே இவ்வாரம் ஒரு கட்டுப்பாட்டை ஏற்றுக்கொள்கிறேன். நானே கண்டது, அல்லது இருவர் தனித்தனியே ஒரே விதமாகச் சொன்னது, அல்லது இன்றும் கையில் எடுத்துப் பார்க்கத்தக்க பொருளாக இருப்பது: இவற்றுள் அடங்காத எதையும் எழுதமாட்டேன். அக்காவிடமும் அம்மாவிடமும் தனித்தனியே விசாரித்தேன். தங்கராசு மாமாவைத் தேடிச் சென்றும் கேட்டேன். எந்த ஆண்டு என்பதற்கு மூவரும் மூன்று விடை சொன்னார்கள். ஆதலால் ஆண்டு இங்கே இல்லை. ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து நின்ற பருவம் என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள்.

விறைப்பான உறை

அன்று சனிக்கிழமை. அம்மாவுக்குத் தேநீர்ப் போத்தல் எடுத்துக்கொண்டு, ரப்பர்ப் பாலை நிறுக்கும் நிறுவைக் கொட்டகைக்குப் போயிருந்தேன்.

தெஹியோவிட்டவிலிருந்து மேலேறும் பாதையில் எங்கள் தோட்டம். பால் வெட்டி முடித்தவர்கள் நண்பகலுக்குச் சற்று முன்னர் வாளிகளோடு அந்தக் கொட்டகையில் கூடுவார்கள். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டுபவர்கள். அம்மாவின் தம்பி தங்கராசு மாமாவும் அதே வேலைதான். மரங்களில் இலை இல்லாத அந்த மாதத்தில் பாலும் குறைவு. வாளிகள் விரைவில் காலியாகிவிடும். பேச்சுக்கு நேரம் மிஞ்சும். தகரக் கூரைமேல் வெயில் நேராக விழ, புளிக்கத் தொடங்கிய பாலின் வாடை கொட்டகையை நிறைத்திருந்தது.

கடிதங்களும் அங்கேதான் வழங்கப்படும். ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த லயத்து வீடுகளுக்குக் கதவிலக்கம் கிடையாது; தபாற்காரர் லயத்துக்கு ஏறி வந்ததும் இல்லை. கடிதங்கள் யாவும் தோட்டத்து அலுவலகத்துக்கு வரும். அங்கிருந்து கணக்கப்பிள்ளை ஒரு துணிப்பையில் எடுத்துவந்து, நிறுவை முடிந்தபின், பெயர் பெயராகக் கூப்பிட்டுக் கொடுப்பார். ஆகவே ஒருவருக்குக் கடிதம் வந்தால் அது டிவிசனுக்கு, அதாவது தோட்டத்தின் எங்கள் பிரிவு முழுவதற்கும், வந்ததற்குச் சமம்.

கணக்கப்பிள்ளை சிங்களவர். ‘ஐயா’ என்ற பொருளில் ‘மாத்தியா’ என்றே எல்லோரும் அழைப்போம். எங்களிடம் தமிழில்தான் பேசுவார். அந்தத் தமிழுக்கு அவரே வகுத்துக்கொண்ட இலக்கணம் இருந்தது.

“மாரிமுத்து! மாரிமுத்து எங்க?”

அப்பா வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். கையை உதறிக்கொண்டு வந்தார். கணக்கப்பிள்ளை ஒரு பழுப்பு நிற உறையைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தார். சாதாரண உறைபோல அது வளையவில்லை. உள்ளே அட்டை ஏதோ இருந்தது.

“இது சும்மா கடுதாசி இல்ல. பின்னால பாரு, டிவிகாரங்க சீல் அடிச்சிருக்கு.”

என் கையிலிருந்த போத்தலை யாரோ வாங்கிக்கொண்டார்கள், அம்மாவாகத்தான் இருக்கவேண்டும். அந்த உறைக்குள் என்ன இருக்கும் என்பதை அங்கே அறிந்திருந்தவள் நான் ஒருத்தியே. அது அப்பாவின் கையில் பிரிபடாமல் வீடு வந்து சேர்ந்தால் அக்கா பிழைத்தாள். கொட்டகையில் பிரிந்தால் அவளுடைய படிப்பு அன்றோடு முடிந்தது.

இதனை விளக்கச் சிறிது பின்னே செல்லவேண்டும்.

பாட்டு குடிக்கும் பற்றறி

எங்கள் லயத்துக்கு அப்போது மின்சாரம் வரவில்லை. தொலைக்காட்சிப் பெட்டி மட்டும் வந்துவிட்டது. வாகனத்துக்குப் போடும் பற்றறி ஒன்றில் அது இயங்கியது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அப்பா அந்தப் பற்றறியைச் சாக்கில் பொதிந்து, பேருந்தில் ஏற்றி, தெஹியோவிட்டக் கடையொன்றில் மின்னேற்றக் கொடுப்பார். நடத்துநர்கள் அவரைக் கண்டதும் முகம் சுளிப்பார்கள்.

“அசிட் கொட்டினா யாரு பொறுப்பு?”

“கொட்டாதுங்க மாத்தியா. கைப்புள்ள மாதிரி மடியில வச்சிக்கிறேன்.”

அவ்வாறே மடியில் வைத்துக்கொள்வார். அவருடைய சாரங்கள் எல்லாவற்றிலும் தொடைப் பக்கத்தில் சிறு சிறு துளைகள் இருந்தன. இதற்கு நான் சாட்சி. அவற்றைத் தைத்தவள் நான்.

இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த மின்சாரத்தை அப்பா அளந்து செலவிட்டார். செய்தி உண்டு. ஞாயிறு பிற்பகல் தமிழ்ப் படம் போட்டால் அதுவும் உண்டு. வார நாள் மாலைகளில் சிங்களக் குடும்ப நாடகம் ஒன்று அரை மணி நேரம் உண்டு. அதற்கு லயமே வந்து எங்கள் காம்பராவில் உட்காரும். அன்டனாக் கம்பத்தைத் திருப்ப ஒருவர் வெளியே. “வருது, வருது, போச்சு, திரும்ப வருது” என்று குரல் கொடுக்க ஒருவர் வாசலில். கடுஞ்சிங்களம் வரும் இடங்களை அக்கா மொழிபெயர்ப்பாள். அம்மா மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்காமல் முன்கூட்டியே அழுதுவிடுவாள். ஒருமுறை மாமியார் மருமகளிடம் கடைக்குப் போய் உப்பு வாங்கி வரச் சொன்ன காட்சிக்கும் அழுதாள்.

பாட்டுக்கு மட்டும் இடமில்லை. பாட்டு நிகழ்ச்சி தொடங்கியதும் அப்பா எழுந்து பெட்டியை அணைத்துவிடுவார்.

“பேச்சு கொஞ்சமா இழுக்கும். பாட்டுதான் பெட்டரியக் குடிக்கும்.”

விஞ்ஞானத்துக்கு ஒவ்வாத கொள்கை என்று அக்கா வாதாடுவாள். ஆனால் இரண்டாம் வாரத்தின் நடுவிலேயே படம் நான்கு பக்கமும் சுருங்கி, நாடகத்துக் குடும்பம் முழுவதும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அப்பா வெற்றியோடு எங்களைப் பார்ப்பார். உண்மையில் அவருடைய கொள்கை சரியானதே. அவர் வீட்டில் இல்லாதபோது நாங்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

நெட்டையனும் சுருட்டையனும்

ஞாயிறு காலைகளில் அப்பாவும் அம்மாவும், அன்றன்றே கூலி கிடைக்கும் கைக்காசு வேலைக்கு மலைக்குப் போய்விடுவார்கள். பத்து மணிக்கு இளைஞர் நிகழ்ச்சி ஒன்று ஒளிபரப்பாகும். அதில் இரண்டு சிங்களப் பையன்கள் பாடுவார்கள். பத்தொன்பது, இருபது வயது இருக்கலாம். ஒருவன் மிக உயரம். மற்றவனுக்குத் தலை நிறையச் சுருள்முடி. அவர்களுக்கு முறையான பெயர்கள் இருந்தன. எங்களுக்கு அவர்கள் நெட்டையனும் சுருட்டையனும்தான்.

இருவரும் அகலமான காற்சட்டையும் தடித்த சப்பாத்தும் அணிந்து, பாடும்போது ஒரே நேரத்தில் இடப்பக்கம் ஓர் அடி, வலப்பக்கம் ஓர் அடி வைப்பார்கள். இவ்வளவே நடனம். ஆயினும் அந்த வருடம் கொழும்பிலிருந்து கொடகவெல வரைக்கும் பதின்வயதுப் பெண் பிள்ளைகள் எல்லோரும் இடமும் வலமும் அடி வைத்துக்கொண்டிருந்தார்கள் என்றே நினைக்கிறேன். இதனை நான் சரிபார்க்கவில்லை. எங்கள் லயத்தில் ஏழு பேர் என்பதைச் சரிபார்த்தேன்.

அக்கா சுருட்டையனின் பக்கம். நான் நெட்டையனை எடுத்துக்கொண்டேன். விருப்பத்தால் அன்று, மற்றவனை அக்கா எடுத்துவிட்டிருந்தாள்.

நிகழ்ச்சி முடிந்ததும் எங்கள் வேலை தொடங்கும். அப்பா வீட்டுக்கு வந்ததும் பெட்டியின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். சூடிருந்தால் குற்றம் நிரூபணம். ஆகவே ஒருத்தி ஈரத் துணியால் பெட்டியை ஒற்றி எடுக்க, மற்றவள் சுளகால் விசிறுவாள். காய்ச்சல் கண்ட பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டோம்.

படங்கள் வேறு கதை. சிங்களப் பத்திரிகையின் நடுப்பக்கத்தில் வந்த இருவரின் முழு உருவப் படத்தை அக்கா ஒரு தோழியிடம் வாங்கிவந்தாள். ஒட்டுவதற்குப் பசை இல்லை. தோட்டத்தில் பசைக்கா பஞ்சம்? அம்மாவின் வாளியடியில் மிஞ்சிய பச்சைப் பாலைச் சிரட்டையில் ஊற்றிவந்து, படுக்கை ஓரச் சுவரில் பூசி ஒட்டினாள். ரப்பர்ப் பால் காயும்போது பழுப்பாகும் என்பதை அறியாதவர் எங்கள் தோட்டத்தில் ஒருவரும் இல்லை. ஆசை மிகுந்தபோது அது நினைவுக்கு வரவில்லை. ஒரே வாரத்தில் இருவருக்கும் காமாலை கண்டது.

அப்பா பார்த்தார். இழுத்துக் கிழித்தார். மேற்பாதி கையோடு வந்தது. கீழே அக்கா தாராளமாகப் பால் பூசியிருந்தாள். அங்கே காகிதம் சுவரை விடவில்லை. எங்கள் சுவரில் வெகு காலம் நான்கு சப்பாத்துகள் மட்டும் நின்றுகொண்டிருந்தன.

மாமாவின் நிபந்தனை

சிரிப்பு அதோடு நின்றிருக்கலாம். அன்று மாலை தங்கராசு மாமா வந்து அந்தச் சப்பாத்துகளைப் பார்த்துவிட்டார்.

அக்கா அப்போது சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்தாள். சித்தியடைந்தால் உயர்தரம் படிக்கப் பேருந்தேறி நகரத்துப் பாடசாலைக்குப் போகவேண்டும். மாமாவுக்கு அதில் உடன்பாடு இல்லை. தோட்டத் தொழிலாளர் பதிவேடான செக்ரோலில் அவளுக்குப் பேர் பதிந்து, பால் வெட்ட அனுப்பிவிடலாம் என்பது அவர் எண்ணம். அவர் கெட்டவர் அல்லர். தம் பிள்ளைகளுக்கும் அதையே செய்தார்.

“மச்சான், இது வீட்டுச் சொவத்துல. நாளைக்கி பஸ்ஸுல போனா என்னென்ன வருமோ?”

“ரிசல்ட் வரட்டும் தங்கராசு, பாப்போம்.”

“அதுக்குள்ள ஒரு பேச்சு வந்துச்சுன்னா?”

அப்பா, அடுப்படியில் நின்ற எங்களுக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்: “நாலு பேரு பேசுற மாதிரி ஒரு விசயம் நடந்தா, அன்னிக்கே அவ படிப்பு முடிஞ்சது. போதுமா?”

அப்பா ஒன்று சொன்னால் சொன்னதுதான். அக்கா அன்று சாப்பிடவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதற்கு நான்கு நாட்களுக்கு முன்னரே அக்காவின் கடிதம் ஒன்று தபாலில் சேர்ந்துவிட்டது.

அக்காவின் ஏற்பாடு

சுயவிலாசமிட்ட உறையொன்றை உள்ளே வைத்து அனுப்பினால் நெட்டையனும் சுருட்டையனும் கையொப்பமிட்ட படம் ஒன்றை அனுப்புவார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியில் அறிவித்தார்கள். அக்கா அப்பியாசக் கொப்பியின் நடுத்தாளைக் கிழித்துச் சிங்களத்தில் கடிதம் எழுதினாள். மூன்று முறை எழுதிக் கிழித்து, நான்காம் முறை முடித்தாள். சுருட்டையன் ஏன் எப்போதும் தரையைப் பார்த்தே பாடுகிறார் என்று ஒரு கேள்வி அதில் இருந்தது. கீழே தன் பெயரை ‘செல்வி’ என்று எழுதினாள்.

உறையில் யாருடைய பெயரை எழுதுவது என்பதே சிக்கல். அவளுடைய பெயரை எழுதினால் கணக்கப்பிள்ளை கொட்டகையில் “செல்வி!” என்று கூப்பிடுவார். அதைவிட அவள் தானே மலையுச்சியில் ஏறி அறிவித்துவிடலாம்.

அக்கா யோசித்தாள். அப்பாவுக்குத் தமிழும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. ஆகவே எந்தக் கடிதம் வந்தாலும் பிரிக்காமல் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, “இதப் படி” என்று அக்காவிடம் நீட்டுவார். வருடக்கணக்கான வழக்கம் அது.

“அப்பா பேருக்கு வந்தா என் கைக்கு வந்த மாதிரிதானடி?”

எனக்கும் அது சரியாகவே பட்டது. தோட்டத்து முகவரி எழுதும் முறையை எங்களுக்குப் பாடசாலையிலேயே பழக்கியிருந்தார்கள்: தகப்பன் பெயர், செக்ரோல் இலக்கம், டிவிசன், தோட்டம். அக்கா ஒரு கொம்பும் பிசகாமல் எழுதினாள். தன் பெயரை உறையில் எங்கும் எழுதவில்லை.

அலுவலகத்தில் கொடுத்தால் எழுதுவினைஞர் பார்த்துவிடுவார். ஆகவே பற்றறி கொண்டுபோகும் நாளில் நானும் அப்பாவோடு தெஹியோவிட்ட போனேன். சிவப்புத் தபாற்பெட்டியைக் கடந்தபோது சட்டென்று ஓடி உள்ளே போட்டேன். இரு கையாலும் பற்றறியைத் தாங்கி நின்ற அப்பா கேட்டார்.

“என்ன போட்ட?”

“டீச்சர் குடுத்தாங்கப்பா.”

இது பொய். எழுத்தில் முதல் முறையாக ஒப்புக்கொள்கிறேன்.

“பிரிங்க மாத்தியா”

இப்போது கொட்டகைக்குத் திரும்புகிறேன்.

அப்பா உறையைக் கையில் வாங்கினார். வழக்கம்போல மடித்து இடுப்பில் செருகப் பார்த்தார். அது மடியவில்லை. திருப்பிப் பார்த்தார். பின்புறத்தில் ஒளிபரப்பு நிலையத்தின் முத்திரை. அவருக்கு வாசிக்க வராது. ஆனால் அந்தச் சின்னம் தினமும் செய்திக்கு முன்னர் திரையில் வருவது. அவர் முகம் மாறியது.

எங்கள் கணக்கில் இருந்த ஓட்டை அதுதான். தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருப்பதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்ற பேச்சு அக்காலத்தில் தோட்டமெங்கும் இருந்தது. அப்பாவிடம் அப்படி ஒன்று இல்லை. பெட்டியைப் பறிமுதல் செய்ய வருகிறார்கள் என்றே அவர் நினைத்தார். வீடு வரைக்கும் பொறுக்க முடியவில்லை.

“மாத்தியா, இது லைசன் சமாச்சாரமா இருக்கும்போல. நீங்களே பிரிச்சுப் படிங்க.”

“அப்பா, அக்கா படிக்கும்ப்பா!” என்று கத்தினேன்.

“நீ சும்மா இரு.”

கணக்கப்பிள்ளை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பால் வெட்டும் கத்தி ஒன்றை வாங்கி, உறையின் ஓரத்தைச் சீராகக் கிழித்தார். உள்ளேயிருந்து தபாலட்டை அளவுள்ள படத்தை எடுத்தார். நெட்டையனும் சுருட்டையனும் தோளில் தோள் சாய்த்து நின்று அந்தக் கொட்டகையிலிருந்த முப்பது பேரைப் பார்த்துச் சிரித்தார்கள். படத்தின் அடியில் நீல மையில் ஒரு வரி. அவர் அதைத் தமக்குள் ஒருமுறை வாசித்தார். பிறகு சிங்களத்தில் உரக்க வாசித்தார். அங்கே சிங்களம் விளங்காதவர் இல்லை. ஆயினும் திருப்தியடையாமல் தமிழிலும் சொன்னார்:

“அன்பான மாரிமுத்து மல்லிக்கு. ரெண்டு பேரும் கையெழுத்து வச்சிருக்கு. மாரிமுத்து, நீ இவங்களுக்கு மல்லியா?”

மல்லி என்றால் தம்பி. அப்பாவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். மேல்வரிசையில் இரண்டு பற்கள் இல்லை.

முதலில் சிரித்தவர் யார் என்று தெரியவில்லை. பிறகு தகரக் கூரை அதிர்ந்தது.

“மல்லி! ஏய் மாரிமுத்து மல்லி!”

“பாட்டுக்காரத் தம்பி, பால் வாளிய மறந்துட்டுப் போறியே!”

அம்மா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். தங்கராசு மாமாவும் சிரிக்கவில்லை. அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தார்.

“மச்சான், உங்களுக்குச் சிங்களம் எழுத வராதே. யாரு எழுதுனது?”

சிரிப்பு ஓய்ந்தது. அந்தக் கேள்விக்கு உரிய விடை எங்கள் வீட்டில் ஒருத்தியைத் தவிர வேறு எவராகவும் இருக்க முடியாது என்பதை அங்கிருந்த எல்லோரும் அறிவார்கள். நாலு பேர் பேசுவதற்கு ஒரு விசயம், முப்பது பேருக்கு நடுவில் வந்து நின்றுவிட்டது.

அப்பா படத்தைக் கணக்கப்பிள்ளையின் கையிலிருந்து வாங்கினார். பால் படிந்த விரல் படாதபடி ஓரங்களில் பிடித்துக்கொண்டு, நெடுநேரம் பார்த்தார்.

“நான்தான்” என்றார்.

“நீங்களா?”

“நான் சொன்னேன், புள்ள எழுதுச்சு. எங்கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்குமே. ஏன், எனக்குப் பாட்டு புடிக்கக் கூடாதா?”

“பாட்டு வந்தா டிவிய அணைக்கிற ஆளு நீங்க!”

“பெட்டரி இல்லன்னா அணைக்காம?”

மாமா விடவில்லை. அந்தப் பிடிவாதத்தை இப்போது அவரே ஒப்புக்கொள்கிறார். “அப்படின்னா, இவனுங்க பாட்டு ஒண்ணு பாடுங்க மச்சான், கேப்போம்.”

கை தட்டும் இடம்

அடுத்து நடந்ததை அம்மா, மாமா, நான் ஆகிய மூவரும் ஒரே விதமாகச் சொல்கிறோம்.

அப்பா வாளியைக் கவிழ்த்துவைத்தார். தொண்டையைக் கனைத்தார். வாயைத் திறக்காமல், மூக்கினாலேயே, நெட்டையனும் சுருட்டையனும் அந்த நாட்களில் பாடிவந்த பாட்டின் மெட்டை முனகத் தொடங்கினார்.

சொற்கள் இல்லை. மெட்டு பிசகவில்லை. அந்தப் பாட்டில் இரண்டாம் அடி முடிந்ததும் இசை திடீரென்று நின்றுவிடும். சுருட்டையன் இரண்டு முறை கை தட்டுவான். பிறகே மூன்றாம் அடி. அந்த இடத்தை அறியாதவர்கள் முந்திவிடுவார்கள். அப்பா நின்றார். கவிழ்ந்த வாளியின் அடியில் விரல்களால் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு தொடர்ந்தார்.

மூன்றாம் அடியில் கணக்கப்பிள்ளை சேர்ந்து பாடினார். அவருக்குச் சொற்களும் தெரிந்திருந்தன. வீட்டில் மூன்று மகள்மார். இரண்டாம் முறை கை தட்டும் இடம் வந்தபோது கொட்டகை முழுவதும் தட்டியது. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். இம்முறை அழுகையன்று, இதனை அவளிடமே கேட்டு உறுதிசெய்தேன்.

மாமா தம் வாளியைத் தூக்கிக்கொண்டார்.

“அப்பனே பாட்டுக்காரப் பயலுங்களுக்குக் கடுதாசி போடுறாரு. மகளச் சொல்லி என்ன ஆகப்போவுது?” என்று பொதுவில் சொல்லிவிட்டு நடந்தார். அக்காவின் படிப்பைப் பற்றி அவர் பிறகு பேசவே இல்லை. கேட்டபோது அவர் சொன்ன காரணம் இது: “அவரு பாடுனாரு. நல்லாவே பாடுனாரு. அதுக்கப்புறம் நான் என்னத்தச் சொல்ல?”

வீட்டில் அக்கா வெளிறிப்போய் நின்றாள். நான் முன்னால் ஓடிவந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தேன். அப்பா உள்ளே வந்து படத்தை அவளிடம் நீட்டினார்.

“இந்தா. எம்பேருக்கு வந்தது. பத்திரமா வை.”

அக்கா வாங்கவில்லை.

“பால் போட்டு ஒட்டிராத. பழுத்துப்போவும்.” வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார். “இன்னொரு தடவ எழுதுனா என் வயசையும் சேத்து எழுதிப்புடு. மல்லியாம்!”

ஞாயிற்றுக்கிழமைகள்

சொன்ன பொய்யைக் காப்பாற்றும் பொறுப்பும் அப்பாவின் தலையில் விழுந்தது. அடுத்த ஞாயிறு காலை லயத்துப் பிள்ளைகள் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். “மல்லி மாமா, ஒங்க கூட்டாளிங்க வர்ற நேரமாச்சு.” அப்பா கைக்காசு வேலைக்குப் போகாமல் இருந்து, பெட்டியைப் போட்டுவிட்டு, தாமும் உட்காரவேண்டியதாயிற்று. பற்றறி வாரத்துக்கொரு முறை தெஹியோவிட்ட போகத் தொடங்கியது. நாங்கள் பெட்டியை விசிறுவதை நிறுத்தினோம்.

பெறுபேறு வந்தது. அக்கா சித்தியடைந்தாள். முதல் நாள் அவளைப் பேருந்தேற்றிவிட அப்பா நிறுத்தம் வரை போனார். நடத்துநரிடம் மகளைக் காட்டி ஏதோ சொன்னார். அவருக்கு அப்பாவைத் தெரியும்: மடியில் பற்றறி வைத்திருப்பவர். அக்கா இன்று ஓர் அரச மருத்துவமனையில் தாதியாகப் பணியாற்றுகிறாள். நெட்டையனும் சுருட்டையனும் சில வருடங்களில் பிரிந்துவிட்டார்கள் என்று கேள்வி. ஒருவர் வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்கிறார்கள். எவர் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

படம் அக்காவின் அலுமாரியில் இருக்கிறது. சென்ற மாதம் எடுத்துப் பார்த்தேன். பழுக்கவில்லை.

தெரியாதவை

அக்காவின் கடிதத்தை அந்த இருவரில் எவராவது வாசித்தார்களா என்பது தெரியாது. வாசித்திருந்தால் ‘செல்வி’ என்ற பெயரைக் கண்டிருப்பார்கள். உறையை மட்டும் பார்த்திருக்கவேண்டும் என்பது ஊகம். நீல மை எழுத்து அவர்களுடையதுதானா, நிலையத்து ஊழியர் ஒருவருடையதா என்பதும் தெரியாது. சுருட்டையன் ஏன் தரையைப் பார்த்துப் பாடினார் என்ற கேள்விக்கும் விடை வரவில்லை.

அந்த மெட்டு அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது என்பதே முதன்மையானது. பாட்டு வந்தால் அணைத்துவிடுவார். ஞாயிறு காலைகளில் மலையில் இருந்தார். அப்பாவுக்கு இப்போது எழுபது கடந்துவிட்டது. காது சற்று மந்தம், நினைவு தெளிவு. மூவர் மூன்று தருணங்களில் கேட்டோம். பற்றறிக் கடையில் காத்திருந்தபோது கேட்டதாக அக்காவிடம் சொன்னார். “நீதானடி அடுப்படியில பாடிக்கிட்டு இருந்த” என்று அம்மாவிடம் சொன்னார், அம்மா மறுக்கிறாள். எனக்குச் சொன்னது வேறு: ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்தியை மறந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியபோது, உள்ளே நாங்கள் இருவரும் இடமும் வலமுமாக அடி வைத்து ஆடுவதைக் கண்டு, பாட்டு முடியும்வரை வாசலுக்கு வெளியே நின்றுவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போனாராம்.

மூன்றும் ஒருவரே சொன்னவை. எதற்கும் இரண்டாம் சாட்சி இல்லை. எது உண்மை என்பது எனக்குத் தெரியாது.